இரண்டு தெருவுக்கு ஒரு குழாய்

2019 அக்டோபர் பதினேழு. எனக்கு இன்று எண்பத்தொன்பது வயது, ஒரு மாதம், பத்தொன்பது நாள். கணக்கில் பிசகு இல்லை, ஞாபகத்திலும் இல்லை. முடிவில் நான் சொல்லப்போவதைக் கிழவியின் உளறல் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் இன்று காலை நம் முக்கில் நின்ற தண்ணீர்க் குழாயைப் பிடுங்கினார்கள். பித்தளை வாய் மட்டும் உடையாமல் வந்தது. கேட்டு வாங்கி மேசைமேல் வைத்திருக்கிறேன். பாசியும் பித்தளையும் கலந்த ஈர வாசனை அறையை விட்டுப் போக மறுக்கிறது. நீ இறந்து நாற்பது நாள் ஆகிறது. கடல் கடந்த ஒரு தீவு நாட்டின் முன்னாள் வெளியுறவு மந்திரி, நாஞ்சில் நாட்டில் பிறந்தவர் என்று நாளிதழ்கள் உன் படத்தைப் போட்டன. நீ நின்ற முதல் தேர்தலைப் பற்றி எதிலும் ஒரு வரி இல்லை.

நாற்பத்தேழில் நாம் ஒரே கல்லூரி. சுதந்திர நாளன்று கொடியேற்றுவது யார் என்று மாணவர்களுக்குள் இரண்டு கட்சி. ஒரு கட்சியைக் கொடியைக் கயிற்றில் கட்டச் சொன்னாய். மற்றதைக் கயிற்றை இழுக்கச் சொன்னாய். இரண்டு கட்சியும் தாமே கொடியேற்றியதாகச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போயின. உன் உத்தியோகம் அன்றே தொடங்கிவிட்டது.

நான் திருவனந்தபுரத்தில் எம்.ஏ. முடித்துத் திரும்பியபோது நீ சட்டம் படித்துவிட்டு நாகர்கோவில் நகரசபைக்கு நின்றிருந்தாய். வார்டில் இரண்டு தெரு. கோவில் தெரு உன்னுடையது, சர்ச் தெரு எங்களுடையது. இரண்டு தெருப் பெண்களும் கோட்டாற்று முக்கிலிருந்து இடுப்பில் தண்ணீர் சுமந்தார்கள். வார்டுக்கு ஒரே ஒரு குழாய் வரப்போவதாகச் செய்தி வந்தது. அதை யார் தெருவில் வைப்பது என்பதுதான் தேர்தல், மற்றதெல்லாம் ஒலிபெருக்கி.

வாக்காளர் பட்டியலோடு உன்கூட வீடு வீடாக வந்தவள் நான். "கொழா உங்க தெருவுலயாக்கும் வரப்போவுது" என்று சர்ச் தெருவில் சொன்னாய். மறுநாள் கோவில் தெருவில், ஒரு சொல் மாறாமல், அதையே சொன்னாய். பால் கறந்து விற்கும் செல்லம்மை மட்டும் விடவில்லை.

"மக்கா, நேத்து அங்கயும் இதத்தான சொன்ன? அப்போ நாங்களும் ரெண்டு பெட்டியிலயும் வோட்டு போடட்டா?"

"தாராளமா போடுங்க அக்கா. எம்பெட்டி நெறஞ்ச பொறவு மிச்சத்த அங்க போடுங்க."

தெருவே சிரித்தது. திரும்பும் வழியில் நான் கேட்டேன்: "ஒத்தக் கொழா ரெண்டு தெருவுல எப்பிடிலே நிக்கும்?"

"நிக்காது. ஆனா ரெண்டு தெருவும் இன்னிக்கி சந்தோஷமா இருக்கா இல்லியா? அது போராதா ஏட்டி?"

உன்னை எதிர்த்து நின்றவர் ஓய்வுபெற்ற ஓவர்சியர். சிரிக்கத் தெரியாத மனிதர். அளவு நாடாவோடு வந்து இரண்டு தெருவிலும் ஒன்றையே சொன்னார்: "தெருவுக்குள்ள வராது. ரெண்டு தெருவும் சேருற முக்குலதான் வைக்க முடியும். ரெண்டு தெருவும் நடக்கணும்." இரண்டு தெருவும் அவரைத் திட்டின.

அந்தக் காலத்தில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. உன் பெட்டியில் விளக்குப் படம், அவருடையதில் ஏணி. எண்ணி முடித்தபோது ஒரே ஒரு வோட்டில் நீ தோற்றிருந்தாய். நீ சாப்பிடவில்லை. "அந்த ஒத்த வோட்டு யாருன்னு தெரியணும்" என்று, நீ சந்தேகப்பட்டவர்களின் பெயரைச் சொல்லச் சொல்ல என்னை எழுதவைத்தாய். என் கையெழுத்து நன்றாக இருக்குமாம். பதினோரு பெயர். முதற்பெயர் உன் தாய்மாமா. வக்கீலுக்குப் படித்தவன் வக்கீல் வேலையைப் பார்க்கட்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அவர் வீட்டு வாசலை நீ மிதிப்பதை நிறுத்தினாய்.

ஓவர்சியர் சொன்னபடி முக்கில் குழாய் வந்தது. இரண்டு தெருவும் அங்கே வரிசையில் நின்று சண்டையிட்டு, பிறகு சண்டைக்கு அலுத்துப் பேசத் தொடங்கின.

திருவிதாங்கூரை விட்டுத் தமிழகத்தோடு சேரும் போராட்டம் வந்தபோதுதான் நீ உன் இடத்தைக் கண்டாய். மேற்கே ஒரு சந்தையில் தமிழ் பேசுவோர் ஒருபுறம், மலையாளம் பேசுவோர் மறுபுறம், கையில் கம்போடு நின்றார்கள். நீ நடுவே போனாய். எதிர்ப்பக்கத்தார் முதலில் கலைய ஒப்புக்கொண்டார்கள் என்று இங்கே தமிழில் சொன்னாய். அங்கே போய் அதையே மலையாளத்தில் சொன்னாய். இரண்டு கூட்டமும் கலைந்தன. குழாய் விஷயத்தில் எனக்கு ஆத்திரமூட்டிய அதே பொய், அன்று ஒரு தலையையும் உடையாமல் காத்தது. எனக்கு அது பிடித்திருந்தது, உன்னிடம் சொல்லவில்லை.

ஐம்பத்தாறு நவம்பர் முதல் தேதி, சேர்ந்த நாள். உன் மாமா தூக்குவாளியில் பாயசத்தோடு தாமே வந்தார். "லே, நான் ஒனக்குத்தாம்லே போட்டேன். நம்புனா குடி, நம்பாட்டி வாளியத் தா." நீ வாளியோடு குடித்தாய். வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாய்.

"அப்போ யாராக்கும் ஏட்டி?"

"பாயசத்துக்கு ஏலக்கா பத்தல" என்றேன்.

அடுத்த மாதமே ஆசிரியர் வேலைக்குக் கப்பலேறினாய். அந்தத் தீவின் குடிமகனாகி, அதன் கட்சியில் சேர்ந்து, அது விடுதலை பெற்றதும் அதன் வெளியுறவைப் பார்த்தாய். ஒருமுறை எழுதியிருந்தாய்: "இங்கே ஒரு துறைமுகம், அதைக் கேட்டு இரண்டு வல்லரசுகள். இருவருக்கும் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்." சத்தம்போட்டுச் சிரித்தேன். துறைமுகம் இருவருக்கும் போகவில்லை, தீவுக்காரர்களிடமே இருந்தது. அங்கே அது ராஜதந்திரம். நம் வார்டில் அது, இரண்டு தெருவும் காலிக்குடத்தோடு நிற்பது.

இப்போது சொல்கிறேன். அந்த ஒத்த வோட்டு என்னுடையது. உன் பட்டியலில் இல்லாத பன்னிரண்டாவது பெயர். உன் எதிர்காலத்தை யோசித்துப் போட்டேன் என்று பெருமை பேசமாட்டேன். அப்படி ஒன்றும் யோசிக்கவில்லை. எனக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. உன் மாமாவைச் சில ஆண்டுகள் சந்தேகத்தில் விட்டதற்கு மட்டும் வருந்துகிறேன். அவர் பாயசத்தைக் குறைசொன்னதற்கும்.

இன்று அந்தத் தேர்தலை மறுபடி வைத்தாலும் ஏணிப் பெட்டியில்தான் போடுவேன்.