என் கிடார் பிக்கைத் தொட்டது யார்

அன்புள்ள எஸ்தர்,

நீயும் அம்மாவும் சுகமா? திராட்சைக் கொடிகளைக் கவாத்து வெட்டி முடித்தாயிற்றா? துபாயில் எனக்கு இருமல் விட்டுவிட்டது.

நீ அனுப்பிய கோயில் பாட்டை ஒன்பது முறை கேட்டேன். கிடார் வாசித்தது யார், கம்பி மீட்டும் என் பிக் வில்லையை எடுத்தார்களா என்று பாடகர் குழுவின் மரிய ஜோசப் அண்ணனிடம் போனில் விசாரித்தேன். "ஏலே, கடையில வாங்குன மெல்லிசு பிக்குதான். உன் சாமான யாரும் தொடல" என்றார்.

நான் நம்பவில்லை. மெல்லிய பிக் சலசலக்கும். பாட்டில் கேட்டது என் தடித்த பிக்கின் கனத்த சத்தம். அது பீரோவில், நம் கல்யாணத்துக்கு நீ கட்டிய சேலைக்கு அடியில் இருந்தது. சாவி உன்னிடம் மட்டும்தான்.

வாசித்தது நீதானே? வியர்வையில் வழுக்கினால் பிக்கை உப்புத்தாளில் லேசாகத் தேய், பிடி கிடைக்கும்.

ஒன்பது முறை கேட்டது கிடாருக்காக இல்லை. உன் குரலைத் தேடினேன், அதில் இல்லை. ஒரு பாட்டுக்காவது பிக்கைக் கீழே வைத்துவிட்டுப் பாடி அனுப்பு.

கம்பெனி வண்டி வந்துவிட்டது.

எட்வின்