கதவு சொன்ன எடை

கண்ணா,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதையெல்லாம் கடைசியில் கேட்கிறேன், முதலில் இந்தச் சேதியைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். உன் தங்கையின் கண்ணாடிக்கடை மலையேறி இறங்கிப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. போனில் சொல்லியிருப்பேன், உங்கப்பா நடுவில் புகுந்து அதைத் தன் கதையாக்கிவிடுவார், அதனால்தான் கடிதம்.

அவள் அந்த ட்ரெய்லருக்குள் கண் பரிசோதிக்கும் நாற்காலி, லென்ஸ் தேய்க்கும் மெஷின், ஃபிரேம் வைக்கும் கண்ணாடி அலமாரி என்று ஒரு கடையையே கட்டி வைத்திருந்தது உனக்குத் தெரியும். மலைக்கு அந்தப் பக்கச் சந்தையில் இடமும் கிடைத்துவிட்டது, ஆனால் திறப்பு நாளன்று கடை அங்கே நிற்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இழுத்துப் போக நம் பழைய டீசல் பிக்கப்பை விட்டால் வேறு வண்டி இல்லை. நீ அங்கிருந்து வேண்டாம் வேண்டாம் என்றாய், உங்கப்பாவோ டீசல் இஞ்சின், மலையையே கட்டி இழுக்கும் என்று மார்தட்டினார். இழுக்கிறது இருக்கட்டும்ப்பா, இறக்கத்துல நிறுத்த வேணாமா என்று கேட்டவள் உன் தங்கைதான். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவின் விளிம்பில் ஒரு ஸ்டிக்கர் இருக்குமே, வண்டி, ஆட்கள், சரக்கு, பின்னால் இழுப்பது எல்லாம் சேர்ந்து இத்தனைக்கு மேல் போகக்கூடாது என்று, அதைக் குறித்துக்கொண்டு, ட்ரெய்லரை மாட்டி, எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு கல்குவாரி எடைமேடைக்கு ஓட்டிப் போனாள். உங்கப்பா தொப்பையை எக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அப்படிச் செய்தால் எடை குறையும் என்று நினைத்தாரோ என்னவோ. ஸ்டிக்கர் சொன்னதற்குள் அடங்கியது, கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அன்றைக்கு முழுக்க உங்கப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இனிமேல்தான் நான் வருகிறேன். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி அழுக்காகப் போகக்கூடாது என்று கழுவிக்கொண்டிருந்தேன், கதவின் உள்விளிம்பில் பெயிண்ட் உரிந்து நீலத்துக்கு அடியில் வெள்ளை தெரிந்தது. நம் வண்டி என்றைக்கடா வெள்ளையாக இருந்தது? ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். அது நம் கதவே இல்லை. நீ ஓட்டப் பழகும்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பின்னால் எடுத்து கேட் தூணில் இடித்துப் பிய்த்தாயே, அப்போது உங்கப்பா பழைய இரும்புக் கடையில் வாங்கி நீலம் அடித்து மாட்டிய கதவு. கதவோடு ஸ்டிக்கரும் வந்திருக்கிறது, நாங்கள் இத்தனை நாள் கணக்குப் போட்டது யாரோ ஒருத்தனுடைய வண்டிக்கு. உங்கப்பாவிடம் சொன்னால், ரெண்டும் ஒரே மாடல்தான், நீ சும்மா இரு என்றார். நான் சும்மா இருப்பேனா? மெக்கானிக்கைக் கையோடு கூட்டிவந்தேன், அவர் வண்டிக்கு அடியில் படுத்துச் சட்டத்தில் அடித்திருந்த சேசிஸ் நம்பரைத் துடைத்து வாசித்தார். ஸ்டிக்கரில் இருந்தது வேறு நம்பர். நம் நம்பரைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேட்டால், அந்தக் கதவு கனமான சட்டம் போட்ட வண்டியுடையதாம், நம் வண்டியின் அளவு அதைவிட நன்றாகவே குறைவு. வண்டிக்கு வயசாச்சும்மா, அதுலயும் கொஞ்சம் கம்மியாவே வெச்சுக்கோங்க என்றார் மெக்கானிக். அப்படிப் பார்த்தால் அரை டன் அதிகம். உங்கப்பா முகத்தில் ஈயாடவில்லை, யானைக்கும் அடி சறுக்கும் என்று நான்தான் தேற்றினேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

உன் தங்கை ஒரு நிமிடம் கண் கலங்கினாள், அவ்வளவுதான், பிறகு கழிக்க ஆரம்பித்துவிட்டாள். லென்ஸ் மெஷினும் அலமாரிகளும் பார்சல் லாரியில், தண்ணீர்த் தொட்டி காலி, உங்கப்பாவின் இரும்புப் பெட்டி வீட்டில். மறுபடி எடைமேடை ஏறினோம், இன்னும் துளி இடித்தது. உங்கப்பாவே கதவைத் திறந்து இறங்கி, நான் பஸ்ல வரேன் என்றார். முள் அளவுக்குள் வந்தது. எனக்கு அந்த மனுஷன் மேல் அப்போது வந்த பிரியத்தை எழுதத் தெரியவில்லை.

மலையிறக்கத்தில் அவள் கியரைக் குறைத்து நிதானமாக இறங்கினாள், நான் பக்கத்தில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு வளைவைத் தாண்டியதும் நடு ரோட்டில் சரக்கு லாரி ஒன்று டயர் வெடித்து நிற்கிறது. அவள் பிரேக்கை மிதித்தாள், ட்ரெய்லர் துளி ஆடாமல் பின்னாலேயே வந்து நின்றது, லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கார் நிற்கலாம், அவ்வளவு இடம் இருந்தது. அந்த அரை டன்னும் கூட வந்திருந்தால் இந்தக் கடிதத்தை யார் எழுதியிருப்பார்களோ. நான் அழுதேன், அவள் சிரித்தாள். சந்தையில் பார்த்தால் உங்கப்பா எங்களுக்கு முன்னாலேயே வந்து கடைக்கு இடம் பிடித்து நிற்கிறார், முதல் கண்ணாடியும் அவருக்குத்தான், பவர் கேட்டால் நீ பயந்துவிடுவாய்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி வெகுநேரம் விழிக்காதே, உன் கண்ணையும் ஒரு தடவை காட்டிக்கொள். உனக்கு எல்லாம் நல்லபடி அமைய வேண்டும், உன் தங்கைக்கு அமைந்த மாதிரி.

இன்னொன்று. கதவைப் பிய்த்த அன்றைக்கு உங்கப்பாவிடம் திட்டு வாங்கியதிலிருந்து நீ அந்த வண்டியைத் தொட்டதே இல்லை. இடிச்சது அவன், பார்க்காம மாட்டினது நான், பாதிப் பாதி என்கிறார் உங்கப்பா. நீ வரும்போது வண்டியை நீதான் ஓட்ட வேண்டும் என்று சொல்லச் சொன்னார். தான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.

இப்படிக்கு,
கதவைக் கண்டுபிடித்த
உன் அம்மா