நைனாவின் சீட்டும் மாமாவின் ஆப்பிளும்

என் அன்பு நைனாவுக்கு,

எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். பஸ் போர்டைத் தவிர உனக்கு எதையும் படிக்கத் தெரியாது. இதை யார் யாரோ படிப்பார்கள். மாமா மட்டும் படிக்க மாட்டார். தன் பெயர் போட்ட போஸ்டரைத் தவிர வேறெதையும் அவர் படித்து நான் பார்த்ததில்லை.

நான் முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்துவிட்டேன். வகுப்பில் என் குரல் கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லையாம், ஹெட்மிஸ்ட்ரஸுக்கு வருத்தம். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கத்தியதை அவர் கேட்டிருக்க வேண்டும்.

உன் பட்டறை முதலாளி சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிக்கவில்லை. அதனால் தொண்டைப் புற்றுக்குக் கரண்டு வைப்பது என்கிற கதிர்வீச்சு, ஊசி, மாத்திரை எல்லாம் கைக்காசு. நம்மிடம் இருந்தது கோமதியக்காவின் ஏலச்சீட்டு ஒன்றுதான். சீட்டுத் தொகையில் யார் அதிகம் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறார்களோ அவர்களுக்குச் சீட்டு. கழித்த பணம் எல்லோருக்கும் பங்கு. ஆனால் ஒரு வீட்டில் நோய் என்றால் மற்றவர்கள் வாய் திறக்காமல் விட்டுக்கொடுப்பதுதான் நம் தெரு வழக்கம். அதை நம்பி, புதன்கிழமைக்குள் ஆஸ்பத்திரியில் பணம் கட்ட வேண்டும் என்று வீடு வீடாகப் போய் என்னைச் சொல்ல வைத்தாய். ஏன் நைனா?

ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில், உனக்குக் குரல் போய்விட்டதால் நான்தான் கேட்டேன். "ஐந்நூறு கழிச்சுக்கிறோம்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

மாமா, அம்மாவின் அண்ணன், உன் அருமை மச்சான், பல்லைக் குத்திக்கொண்டே "ஆயிரம்" என்றார்.

"இன்னா அண்ணாத்தே, உனுக்கு இப்போ இன்னா அவசரம்?" என்றாள் கோமதியக்கா.

"ஏலம்னா ஏலந்தான் கோமதி. பாசம் வேற, சீட்டு வேற."

அவர் தொடங்கியதும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. "ஏத்து மாமே, பொதங்கெழமைக்குள்ள அவுங்க எட்த்துதான ஆவணும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு வேறு. நீ விரல் காட்டக் காட்ட நான் கத்தினேன். பத்தாயிரம் சீட்டு நாலாயிரம் கழித்து நம் கைக்கு வந்தது. அந்த நிமிடமே மாமாவுக்குச் சீட்டு வேண்டாமாகிவிட்டது.

"எட்த்துக்கோ பாப்பா, உனுக்காவ வுட்டுக்குட்த்தேன்" என்றார். நீ அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாய்.

அந்தப் பணம் இருந்திருந்தால் பிழைத்திருப்பாய் என்று நான் சொல்லவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. கரண்டுக்குக் கட்டினோம். ஊசிக்கு அம்மாவின் கம்மல் போனது. ஆட்டோவுக்கு என்று நான் நினைத்து வைத்திருந்ததுதான் இல்லாமல் போனது. வெந்த கழுத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, அம்பத்தூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தினமும் பஸ் கம்பியைப் பிடித்தபடி நின்றாயே, அந்த ஆட்டோவைத்தான் அவர்கள் தலைக்கு இருநூறாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

மறுவாரம் மாமா ஆப்பிள் கொண்டுவந்தார். தண்ணீரே இறங்காத தொண்டைக்கு ஆப்பிள்! "நல்லா துன்னு மச்சான், ஒடம்பு தேறணும்" என்றார். இரண்டை அங்கேயே உட்கார்ந்து அவரே தின்றார்.

நீ போன அன்று கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார். அதில் உன் படத்தைவிட அவர் படம் பெரியது. பார்த்தவர்கள் சிலர் அவர்தான் போய்விட்டார் என்று நினைத்தார்களாம். கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

சீட்டில் மீதி இருக்கும் தவணைகளை என் சம்பளத்தில் கட்டி முடிப்பேன். இனி யார் வீட்டு நோயிலும் ஒரு ரூபாய்கூடப் பங்கு வாங்க மாட்டேன். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

உன் வருஷ திதி வருகிறது. மாமாவை முன்னால் நிறுத்தித்தான் எல்லாம் நடக்க வேண்டும் என்கிறாள் அம்மா. "அவரு இல்லாம எப்டிடி? உங்க நைனாவுக்குச் சீட்டையே வுட்டுக்குட்த்த மனுசன்" என்கிறாள். உண்மையாகவே நம்புகிறாள். அன்று அவள் அங்கே இல்லை. ஏலம் முடிந்து வரும் வழியெல்லாம், அவளிடம் சொல்லிவிடாதே என்று நீ கையசைத்துக்கொண்டே வந்தாய். அண்ணன் தங்கை உறவு அறுந்துவிடுமாம். நானும் சரியென்று தலையாட்டினேன். இதுவரை அவளிடம் சொல்லவில்லை.

அந்த வாக்கிலிருந்து என்னை விட்டுவிடு நைனா. திதிக்கு முன்னால் அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன்.

உன் மகள்,
செல்வி