பூந்தியின் காலுக்குப் பத்து மணி மருந்து

ஏங்க,

சேக்காடு நூலகத்தில் இன்று பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வேண்டும், கிளம்பிவிட்டேன். உப்புமா மூடி வைத்திருக்கிறேன்.

பத்து மணிக்கு நம் பூனை பூந்தியின் கால் புண்ணைக் கழுவ வேண்டும். காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீர் கிண்ணத்தில் இருக்கிறது. அப்புறம், கால்நடை டாக்டரம்மா கொடுத்த அயோடின் மருந்தைத் தண்ணீரில் இளம் டீ நிறத்துக்குக் கலந்து, பஞ்சில் ஒற்றினால் போதும். நக்காமலிருக்கக் கழுத்துக் கூம்பை மறுபடி மாட்டிவிடுங்கள்.

நேற்று மாதிரி தலைவலித் தைலம் வேண்டாம். “மிலிட்டரி டேங்கியே ரிப்பேர் பண்ணவன், ஒரு பூனைக்கு மருந்து போடத் தெரியாதா?” என்றீர்கள். பூனை பீரோ மேல் ஏறிவிட்டது. தைலத்தைக் கழுவி எடுக்க டாக்டரம்மாவுக்கு அரை மணி நேரம் ஆனது.

கதை சொன்னால்தான் அது காலைக் கொடுக்கும். “பூனைக்கு இன்னா கதை வேண்டிக்கீது?” என்று சிரித்தீர்களே, இன்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பாதியில் நிறுத்தினால் காலை இழுத்துக்கொள்ளும்.

ஞானம்மாள்

கதை எதுவும் ஞாபகம் வராவிட்டால், நேற்றிலிருந்து நீங்கள் என்னிடம் ஏன் பேசவில்லை என்று அதனிடம் சொல்லுங்கள். மருந்து போட்டு முடிக்கும்வரை அந்தக் கதை வரும்.

இன்னொன்று. முழுக்கைச் சட்டைக்குள் நீங்கள் மறைத்த பூனைப் பிறாண்டலைப் பார்த்துவிட்டேன். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். மதியம் நான் வந்ததும் உங்களுக்கு ஊசி போடப் போகிறோம். நீங்கள் கையை நீட்டுங்கள், கதையை நான் சொல்கிறேன்.