விரலை மடக்கிக் காட்டிய பொய்

என்னங்க,

டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். ஹாட்பாக்ஸில் இட்லி இருக்கிறது. பதினொரு மணிக்கு மூட்டுவாத டாக்டர். எதிர்வீட்டு பெலிக்ஸ் அண்ணன் ஸ்கூட்டரில் கூட்டிப்போவார்.

உங்கள் ஷேவிங் டப்பாவில் கரோல் பாக் கடைத்தெரு வைத்தியரின், வலியை மட்டும் அமுக்கிவைக்கும் பொடியைப் பார்த்தேன். டாக்டர் ஊசி போடச் சொல்வாரென்று பயந்து, அவரைப் பார்க்கும் நாளிலெல்லாம் அதைத் தின்றுவிட்டுப் போய் விரலை மடக்கிக் காட்டியிருக்கிறீர்கள். அவரும் “வெரி குட், மேக்ஸ்வெல்” என்று மாத்திரையைக் குறைத்துவிட்டார். உள்ளே மூட்டு அரித்துக்கொண்டே போகிறது. நர்ஸ் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு இந்த வேலை. சீ.

பொடி என் பையில் இருக்கிறது. தேடாதீர்கள்.

ஜோஸ்லின்

பி.கு. பொடி இல்லாமல் இன்று விரல் மடங்காது, சட்டைப் பொத்தான் போட வராது. அண்ணனிடம் போட்டுவிடச் சொல்லாதீர்கள். திறந்த சட்டையோடே போங்கள், டாக்டர் பார்க்கட்டும்.