உட்கரு எந்தப் பக்கம்

டிசம்பர் 8

காலையிலேயே பனி. கீரைப் பாத்தி முழுக்க மூடிவிட்டது. பாலக்கீரை இலைகள் பனிக்கடியில் தரையோடு ஒட்டிச் சுருங்கிக் கிடந்தன. பறித்து, அரைத்து, சவ்வுகளைப் பிரித்தேன். குழாயில் மேல் அடுக்கு தெளிந்து நின்றது. துளிப் பச்சை இல்லை, துளிக் கலப்பும் இல்லை. எனக்கு இப்போதெல்லாம் பச்சை வருவதில்லை.

மதியம் ஆபீஸ் குஜி-சான் வந்தார். "தொமாரி-சான், மார்ச்ல செரிசாவா சென்செய் ரிட்டயர் ஆகறாரில்ல, கடைசி லெக்சர் முடிஞ்சதும் பூங்கொத்து நீங்கதான் குடுக்கறீங்க."

ஏன் நான்?

"பொம்பளை குடுத்தாத்தான் போட்டோ நல்லா வரும்னு ஒடாஜிமா சென்செய் சொல்லிட்டாரு. நான் குடுத்தா கெட்டுடும் போல!"

அவர் சிரித்தார். நான் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒடாஜிமாவும் நானும் ஒரே வருடம் இந்த ஆய்வகத்தில் சேர்ந்தோம். அவர் இப்போது சென்செய், ஆசான். நான் இன்னும் எல்லாரையும் போல வெறும் -சான்.

டிசம்பர் 19

வருடக் கடைசி விருந்து. பேராசிரியர் செரிசாவா மூன்றாவது கோப்பையில் வழக்கமான கதையை ஆரம்பித்தார். குளிர் காலத்தில் இலைச் செல்லின் வெளிச்சவ்வில் பெருகும் புரதம், தாம் கண்டுபிடித்தது, பனிக்கட்டியை உள்ளே விடாமல் தடுப்பது. பெயர்கூட வைத்திருக்கிறார்: வாசல் காவலாளி.

"தொமாரி-சான் அப்ப இலை பறிச்சுக் குடுத்தாங்க. பீர் ஊத்தறப்பகூடப் பாருங்க, கை ஆடவே ஆடாது!"

எல்லாரும் சிரித்தார்கள். ஊற்றினேன்.

அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தது நான். பதினெட்டு வருடத்துக்கு முன்பு. அந்த முறை மேல் அடுக்கில் லேசாகப் பச்சை தெரிந்தது. செல்லின் உள்ளே இருக்கும் சவ்வுகளும் கலந்துவிட்டன என்று அதற்குப் பொருள். திரும்பச் செய்ய வேண்டும், இது வெளிச்சவ்வுதான் என்று இப்போதே சொல்ல முடியாது என்று பேராசிரியரிடம் சொன்னேன். "சந்தேகப்படறவங்க பேரை முன்னாடி போட்டா படிக்கிறவனும் சந்தேகப்படுவான்" என்றார். கட்டுரை வந்தபோது முதல் பெயர் ஒடாஜிமா. நான் எல்லாவற்றுக்கும் கீழே, நன்றி வரியில்: "இலை பறித்துத் தந்த செல்வி தொமாரிக்கு நன்றி."

அந்த ஒரு வரி. அதை நான் மறந்திருப்பேன் என்று நினைக்கிறார்கள். ஏன் மறக்கணும்?

டிசம்பர் 20

தலைவலி. வெளியே போகவில்லை. ஆரஞ்சு, ஹீட்டர், பனி.

ஜனவரி 14

ஒடாஜிமா மடிக்கணினியோடு வந்தார். கடைசி லெக்சருக்கு ஒரு புதுப் படம் எடுத்திருக்கிறார். காவலாளிக்குப் பச்சை ஒளி ஒட்டி, இலைச் செல்லில் விட்டு, நுண்ணோக்கியில் பிடித்தது. செல்லின் ஓரத்தைச் சுற்றி ஒளிக்கோடு.

"அழகா இருக்கில்ல? கலர் மட்டும் கொஞ்சம் எடுப்பா பண்ணிக் குடுங்க. உங்க கண்ணு வருமா எனக்கு!"

அழகாகத்தான் இருந்தது. ஒரு இடத்தில் கோடு நேராகப் போகாமல் உள்பக்கமாக வளைந்திருந்தது. அங்கே உட்கரு.

முதிர்ந்த இலைச் செல்லுக்குள் நீர் நிறைந்த ஒரு பெரிய பை இருக்கிறது. அது ஊதிக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளிவிடும். அதனால் பையின் சவ்வும் செல்லின் வெளிச்சவ்வும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே கோடு போலத் தெரியும். இதில் ஏமாறாதவர்கள் குறைவு. பிரித்தறிய ஒரு வழி, உட்கரு எந்தப் பக்கம் என்று பார்ப்பது. கோட்டுக்கு உள்ளே இருந்தால், கோடு வெளிச்சவ்வு. கோட்டுக்கும் செல்சுவருக்கும் நடுவே ஒதுங்கி நின்றால், கோடு உள்ளே இருக்கும் பையினுடையது.

உட்கரு சுவரோரம் நின்றது.

காவலாளி வாசலில் இல்லை. பதினெட்டு வருடமாக உள்ளறையில் படுத்திருக்கிறான்.

"கலர் சரி பண்ணிடறேன்" என்றேன். சரி பண்ணியும் கொடுத்தேன், உட்கரு இன்னும் தெளிவாகத் தெரிகிற மாதிரி.

ஜனவரி 15

ஒரு செல்லை நம்ப முடியாது. சாய்வாகப் பிடித்த படமாக இருக்கலாம். என் ஆசைகூட ஏமாற்றலாம். அதுதான் முதலில் ஏமாற்றும். நானே செய்து பார்க்க வேண்டும்.

ஜனவரி 30

செய்தேன். வளர்ப்பறையில் வளர்த்த வேறு இலை, வேறு செடி, உப்பு நீரில் செல்லைச் சுருங்க வைத்தும் பார்த்தேன். வெளிச்சவ்வு சுவரை விட்டு உரிந்து வரும்போது மெல்லிய இழைகள் அதைச் சுவரோடு பிடித்துக்கொண்டிருக்கும். காவலாளி அங்கே இருந்தால் அந்த இழைகளும் ஒளிர வேண்டும். ஒன்றுகூட ஒளிரவில்லை. நடுவே பை மட்டும் பச்சை விளக்கு மாதிரி எரிந்தது.

வரும் வழியில் ஸ்ட்ராபெரி கேக் வாங்கினேன். இரண்டு துண்டு. இரண்டையும் நானே தின்றேன்.

பிப்ரவரி 17

முன்கூட்டியே சொல்வதுதான் முறை. தெரியும். சொன்னால் என்ன ஆகும்? ஒடாஜிமா திருத்தக் கட்டுரை எழுதுவார். முதல் பெயர் அவருடையது. கவனமாக ஆராய்ந்ததில் தெரியவந்தது என்று இருக்கும். எனக்கு மறுபடியும் ஒரு நன்றி.

மாட்டேன். அந்தக் கூட்டத்தில், மைக்கில், பூங்கொத்தோடு. குளியல் தொட்டியில் உட்கார்ந்து வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். குரல் நடுங்கவில்லை.

மார்ச் 13

கடைசி லெக்சர். அரங்கம் நிறைந்துவிட்டது, பழைய மாணவர்கள் படியிலெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியர் அழுதார். நூறு பேராவது கூட அழுதார்கள். கடைசிப் படம் அவருக்குப் பின்னால் சுவரளவுக்கு நின்றது. என் கைவண்ணம்.

பூங்கொத்தோடு மேடையேறினேன். மைக் பக்கத்திலேயே இருந்தது. எடுக்கவில்லை. பயமில்லை. அழுதுகொண்டிருந்த அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் ஒன்று புரிந்தது: மைக்கில் கேட்டால் அத்தனை பேரும் அவர் பக்கம் போய்விடுவார்கள். பரிதாபம் அவருக்கு, கெட்ட பெயர் எனக்கு. காதில் சொன்னால் அவர் தனியாகச் சுமக்கணும். நான் சுமந்த மாதிரி.

பூவைக் கொடுத்துக் குனிந்தேன்.

"சென்செய், அந்தப் படத்துல உட்கரு கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கு?"

"ம்?" சிரித்தபடியே.

"சும்மா பாருங்க."

போட்டோக்காரர், "இங்க பாருங்க! சென்செய், இங்க, இங்க!" என்று கத்தினார். அவர் பார்க்கவில்லை. திரும்பிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 14

நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 19

நுண்ணோக்கி அறைக்கு அவரே வந்தார். அந்த அறைக்கு அவர் வந்து எத்தனை காலம் ஆகியிருக்கும்! பூங்கொத்து கொடுத்த நாளிலிருந்து சாப்பிடவில்லை என்று அவர் மனைவி குஜி-சானிடம் போனில் சொன்னாராம்.

"காட்டுங்க."

காட்டினேன். ஒவ்வொரு செல்லாக. கடைசிச் செல்லை இன்னொரு முறை வைக்கச் சொன்னார். பிறகு, "உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"சந்தேகம் பதினெட்டு வருஷமா. உங்ககிட்டதான் சொன்னேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மன்னிப்பு கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்குத்தான் கஷ்டமாகியிருக்கும்.

பின்னாலேயே ஒடாஜிமா. கதவைச் சாத்திவிட்டு, "தொமாரி-சான், இப்ப எதுக்குங்க இதெல்லாம்? அவர் நிம்மதியாப் போகட்டும். அப்புறமா நாம மெதுவா ஒரு திருத்தம் போட்டுக்கலாம், நானே எழுதறேன்..."

"எழுதியாச்சு," என்றேன். "இதழுக்கும் அனுப்பியாச்சு. ஒரே பேருதான்."

அவர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் நுண்ணோக்கியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஒடாஜிமா, விளக்கை அணைச்சிட்டு வெளிய போ" என்றார்.

ஜூலை 2

இதழிலிருந்து பதில். நல்ல கட்டுரையாம். ஆனால் வளர்ப்பறை இலை போதாது, உண்மையான குளிரில் வளர்ந்த இலையிலும் காட்ட வேண்டுமாம். நியாயம். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். பனி வரக் காத்திருக்க வேண்டும்.

நவம்பர் 26

செரிசாவா போன் செய்தார். வீட்டில் இருக்க முடியவில்லையாம், அந்தப் பை கண்ணை மூடினால் தெரிகிறதாம். "அந்தக் கட்டுரையில எனக்கு ஏதாவது வேலை இருக்குமா? என் பேரு... எங்கயாவது..."

கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி இருந்தேன்.

"இலை பறிக்க ஆள் இல்ல, சென்செய்."

டிசம்பர் 22

ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். பனி முழங்கால் அளவு. குனிந்து, கையால் பனியைத் தோண்டி, ஒவ்வொரு இலையாக எடுத்தார். விரல்கள் சிவந்துவிட்டன. தேவையான இலையை நேற்றே பறித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டேன். சொல்லவில்லை. ஜன்னலருகே நின்று தேநீர் குடித்தேன்.

குஜி-சான் எட்டிப் பார்த்தார். "ஐயோ, அந்த வயசுல! உள்ள கூப்பிடக் கூடாதா?"

"இன்னும் கொஞ்சம் பறிக்கட்டும்."

கூடையைக் கொண்டுவந்து வைத்தார். இலைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அழுகல் ஒன்றுகூட இல்லை. நன்றாகத்தான் பறித்திருந்தார். என் இலைகளை விட்டுவிட்டு அவருடையதையே அரைத்தேன். மேல் அடுக்கு தெளிவு, அதில் காவலாளி இல்லை.

பிப்ரவரி 24

கட்டுரை வந்துவிட்டது. மேலே என் பெயர், தனியாக. குஜி-சான் அச்செடுத்து வந்து கதவில் ஒட்டினார். கடைசி வரியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

"இலை பறித்துத் தந்த திரு. செரிசாவாவுக்கு நன்றி."