அம்மாவுக்கு வாசித்த இரண்டு புத்தகங்கள்

21 செப்டம்பர், ஞாயிறு, பிற்பகல்

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் இந்த வயதுக்கு உரிய அளவில் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அதைவிடக் கூடுதலாகவே சுகமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய இரண்டு புத்தகங்களும் இம்மாதம் 2ஆம் தேதி, செவ்வாயன்று வந்து சேர்ந்தன. கண்புரை முற்றியதால் அம்மாவால் ஒரு வரியும் வாசிக்க முடியவில்லை. வழக்கம்போல் சாப்பாட்டுக்குப் பின் நான்தான் உரக்க வாசித்தேன். நாவலைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டிருந்தாய். நடை நன்று, ஆனால் ஆசிரியருக்குப் பொறுப்பு போதாது. ஒன்பதாம் தேதி செவ்வாய் என்று எழுதியவர், அதே வாரத்து வெள்ளியைப் பதின்மூன்றாம் தேதி என்கிறார். நான் வாசிப்பை நிறுத்தி அதைச் சுட்டிக்காட்டியபோது, கதை படிக்கிறீங்களா காலண்டர் பார்க்கிறீங்களா என்று உன் அம்மா கேட்டாள். அந்த ஜப்பானியப் படக்கதையோ என்னை ஓய்த்துவிட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் யார் எங்கே நிற்கிறார், முகம் எப்படி இருக்கிறது என்றெல்லாம் விவரிக்க வேண்டியிருந்தது. அதை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும் என்று நீ தொலைபேசியில் சொல்வதற்குள் நான் முழுவதையும் தலைகீழாக வாசித்து முடித்திருந்தேன். முதலில் ஒரு கடைக்காரரின் சவ அடக்கம், பிறகு கொலை, கடைசியில் அவரே சீட்டியடித்தபடி கடையைத் திறக்கிறார். சரியான வரிசையில் மறுபடி வாசிக்கிறேன் என்றேன். செத்தவன் திரும்பி வந்துட்டான், அதை ஏன் கெடுக்கிறீங்க என்று தடுத்துவிட்டாள்.

இனி நீ கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் 11, ஆகஸ்ட் 6 என இரண்டு முறை குறித்த அறுவை சிகிச்சையை உன் அம்மா தள்ளிப்போட்டதை அறிவாய். இன்னும் தாமதித்தால் சிகிச்சை சிக்கலாகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பயம்தான் காரணம் என நாம் எண்ணியது தவறு. நேற்று, சனிக்கிழமை, தொண்டை கட்டி நான் பாதி அத்தியாயத்தில் நிறுத்தியபோது, கேட்காமலே சொன்னாள்: "கண்ணு தெரிஞ்சிட்டா நீங்க பேப்பரை எடுத்துக்கிட்டு அந்த ரூமுக்குப் போயிடுவீங்க. அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டாத்தான் முகத்தைப் பார்க்கலாம்."

நான் அப்படித்தான் இருந்தேன். சமாதானம் சொல்லத் தெம்பு இல்லை. உள்ளதைச் சொன்னேன்: "எனக்குத் தொண்டை போயாச்சு. இனிமே நீ படி, நான் பக்கத்துல உட்கார்ந்து கேட்கிறேன்."

பிறகு, நடுவுல தேதி சரியில்லைன்னு நிறுத்தச் சொல்லக் கூடாது என்றாள். சம்மதித்தேன். டாக்டர்கிட்ட எந்த நாள்னு கேளுங்க என்றாள்.

இன்று காலை டாக்டரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டேன்: சிகிச்சை அக்டோபர் 8, புதன், காலை. நீ இதற்காக விடுப்பு எடுத்து ஓடிவர வேண்டாம். பக்கத்து வீட்டு நர்ஸ் துணைக்கு வருகிறார். அம்மாவிடம் பேசும்போது இதைத் துருவிக் கேட்காதே. வேளைக்குச் சாப்பிடு. எங்கள் இருவரின் ஆசியும் உங்களுடன் என்றும் இருக்கும். ஒரு நினைவூட்டல்: அடுத்த புத்தகம் பெரிய எழுத்தில் அச்சிட்டதாக இருக்கட்டும், வாசிக்கப்போகிறவள் அவள்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா